அஞ்சு இங்கிலீஷ் எழுத்துக்குள்ள தொலைஞ்சு போன ஊர்

போன மாசம் என் பொண்ணுக்கு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட் குடுத்தாங்க. தலைப்பு, 'நம்ம ஊர் வரலாறு'. வழக்கம் போல கடைசி நாள் ராத்திரி எட்டரை மணிக்குத்தான் அம்மணி வாயைத் திறந்தாங்க. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஃபெவிகால் எல்லாம் வாங்கிட்டு வந்து உக்காந்தா, முதல் வரியை ஏற்கெனவே எழுதி முடிச்சிருந்தா.

"ஆவடி என்பது 'ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம்."

"இது தப்பும்மா"ன்னேன்.

"நெட்ல இருக்குப்பா. மிஸ்ஸும் இதைத்தான் சொன்னாங்க."

மிஸ்ஸும் நெட்டும் ஒரு பக்கம், அப்பன் ஒரு பக்கம்னா யார் ஜெயிப்பாங்கன்னு உங்களுக்குச் சொல்லணுமா? :-) ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. இந்த ஒத்தை வரி சாதாரணத் தப்பு இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், மன்னிச்சுக்கோங்க. நடுவுல நானும் கொசுவத்தி சுத்துவேன்.

மொதல்ல கொஞ்ச தூரமாப் போயிட்டு வருவோம். அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல டாட்ஜ் சிட்டின்னு ஒரு சின்ன ஊர். இன்னிக்கும் ஜனத்தொகை 30 ஆயிரத்துக்குக் கீழ. ஆனா கௌபாய் படம் பார்த்த எல்லாருக்கும் அந்த ஊரைத் தெரியும், பேர் தெரியாட்டியும். மரப்பலகை வச்ச தெரு, சாராயக் கடை, இடுப்புல துப்பாக்கி, தெருக்கோடியில குதிரை. நம்ம ஜெய்சங்கர் தொப்பி போட்டுக்கிட்டு 'கங்கா'வுல குதிரையில வந்தாரே, அந்த உலகத்தோட ஒரிஜினல்.

அந்த ஊர் உருவான கதை ரொம்பச் சுருக்கம். 1865-ல பட்டாளத்துக்காரங்க பக்கத்துல ஒரு கோட்டை கட்டினாங்க. 1872-ல ரயில் வந்துச்சு. ரயில் வந்ததும் எருமைத் தோல் வியாபாரம். எருமைங்களை அடியோட சுட்டுத் தீர்த்ததும் டெக்சாஸ்லேர்ந்து ஓட்டிட்டு வர்ற மாட்டு வியாபாரம். 1885-ல டெக்சாஸ் மாடு உள்ள வரக்கூடாதுன்னு கன்சாஸ் அரசாங்கம் சட்டம் போட்டதும் அந்த ஆட்டமும் முடிஞ்சுது. மொத்தமே பதிமூணு வருஷம். அந்தப் பதிமூணு வருஷத்தை வச்சுத்தான் இன்னிக்கு வரைக்கும் டூரிஸ்ட் வரான். 'கன்ஸ்மோக்'னு ஒரு டிவி தொடர் அந்த ஊரை வச்சு 1955-லேர்ந்து 1975 வரைக்கும் இருபது வருஷம் ஓடிச்சு.

சரி, அந்தக் கோட்டைக்கு முன்னாடி அங்க யார் இருந்தா? செயேன், கயோவா, கமாஞ்சி ஜனங்க தலைமுறை தலைமுறையா எருமை வேட்டையாடிக்கிட்டுத் திரிஞ்ச சமவெளி அது. ஆனா சினிமாவுல அவங்க ஒண்ணு தூரத்து மலை மேல நிப்பாங்க, இல்லைன்னா சுடப்பட்டு விழுவாங்க. ஊரோட வரலாறு ரயில்லேர்ந்து ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி 'காலி இடம்'.

இப்போ ஆவடிக்கு வருவோம். கோட்டைக்குப் பதிலா ராணுவக் கிடங்கு, மாட்டுச் சந்தைக்குப் பதிலா டாங்கி ஃபாக்டரி. ரயிலு மட்டும் அதே ரயிலு. அதோட அதே 'காலி இடம்'.

ரயில்தான் முதல்ல வந்துச்சு. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்டாங்க. தென்னிந்தியாவுல ஓடின முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். அது நம்ம ஊர் வழியாத்தான் போச்சு. டாட்ஜ் சிட்டிக்கு ரயில் வர்றதுக்குப் பதினாறு வருஷம் முன்னாடி! தினமும் சென்ட்ரல் போற லோக்கல்ல ஜன்னலோரமா உக்காந்து தூங்கிட்டுப் போறோமே, அந்தத் தடம் தென்னாட்டுக்கே முதல் பயணிகள் தடம்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து பட்டாளம். ரெண்டாம் உலகப்போர்ல, 1942 ஏப்ரல்ல, ஜப்பான்காரன் வரான்னு மெட்ராஸே மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு ஓடிச்சு. அந்தப் போர்க்காலத்துல ஆவடி ராணுவத்தோட பெரிய தளமா ஆச்சு. நகரத்துக்கு வெளிய, ஆனா ரயிலுக்குப் பக்கத்துல, பரந்த இடம். வேற என்ன வேணும்? பட்டாபிராம்ல 'மிலிட்டரி சைடிங்'னு இன்னிக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கே, அது சும்மா வெச்ச பேர் இல்லை.

அப்புறம் 1955 ஜனவரி. காங்கிரஸ் மாநாடு ஆவடியில. தலைவர் தேபர். நேரு வந்தார். நம்ம காமராஜர் அப்போ முதலமைச்சர். மாநாட்டுப் பந்தல் போட்ட இடத்துக்கு அவரோட அரசியல் குரு பேர்ல சத்தியமூர்த்தி நகர்னு பேர் வெச்சாங்க. 'சோஷலிச பாணி சமுதாயம்'தான் லட்சியம்னு தீர்மானம் போட்டது இங்கதான். இந்திய அரசியல் வரலாற்றுப் புத்தகம் எதை எடுத்தாலும் 'ஆவடி தீர்மானம்'னு நம்ம ஊர் பேர் இருக்கும். ஆவடியில குடியிருக்குற பத்துப் பேர்கிட்ட கேட்டா ஒருத்தருக்குத் தெரிஞ்சா அதிசயம்.

தீர்மானம் பேப்பரோட நிக்கலை. ஆறே வருஷத்துல, 1961-ல, கனரக வாகனத் தொழிற்சாலை, அதாவது எச்.வி.எஃப்., இங்கயே வந்துச்சு. அதே வருஷம் ராணுவ உடைத் தொழிற்சாலை, ஓ.சி.எஃப். 1965 கடைசியில முதல் விஜயந்தா டாங்கி வெளிய வந்துச்சு. டிசைன் இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனியோடது, செஞ்சது நம்ம ஆளுங்க. 1971 போர்ல அது போச்சு. இன்னிக்கு எத்தனையோ ஊர்கள்ல பூங்கா ஓரமா, முச்சந்தியில நினைவுச்சின்னமா நிக்குற விஜயந்தா எல்லாம் நம்ம ஊர்ல பொறந்ததுதான். அப்புறம் 1976-ல சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சி மையம், அங்க அர்ஜுன் டாங்கி. 1987-ல எஞ்சின் ஃபாக்டரி. அஜேயா, பீஷ்மான்னு வரிசையா. 2021 அக்டோபர்ல பழைய ஆர்டினன்ஸ் ஃபாக்டரி போர்டைக் கலைச்சு ஏழு கம்பெனி ஆக்கினாங்க. அதுல டாங்கி செய்யற கம்பெனிக்குத் தலைமையகமே ஆவடிதான்.

இங்கதான் கொசுவத்தி. :-)

எங்கப்பா 1966-ல திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து ஒரு டிரங்குப் பெட்டியோட வந்து இறங்கினவர். அப்ரென்டிஸ். "சுத்திப் பாத்தா ஒண்ணுமே இல்லடா, வெறும் பொட்டல்"னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். குவார்ட்டர்ஸ்ல எங்க வீட்டுக்கு இந்தப் பக்கம் மலையாளி, அந்தப் பக்கம் வங்காளி, மேல் வீட்டுல தெலுங்கு. ஓணத்துக்குப் பாயசம் வரும், பூஜாவுக்கு சந்தேஷ் வரும், பொங்கலுக்கு நம்ம வீட்டுலேர்ந்து கரும்பு போகும். காலைல சங்கு ஊதினா தெரு முழுக்க சைக்கிள் கிளம்பும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற அப்பா மேல கிரீஸ் வாசனை. டாங்கியை டெஸ்ட் பண்றப்போ வீட்டு ஜன்னல் அதிரும். அந்தச் சத்தத்துல எங்களுக்குத் தூக்கம் வரும், விருந்தாளிக்குத்தான் வராது.

அந்த வாழ்க்கையை நான் ஒரு நாளும் குறைச்சுப் பேச மாட்டேன். சாதி, பாஷை எல்லாம் கேட்டுக்கு வெளிய விட்டுட்டு வந்த மாதிரி ஒரு உலகம் அது. சுத்தமா விட்டுட்டாங்களான்னு கேட்டா இல்லை, ஆனா முயற்சியாவது பண்ணாங்க. படிக்காத அப்பனுக்குப் பொறந்து மாசச் சம்பளம் வாங்கின முதல் தலைமுறை. நான் இன்னிக்கு இப்படி உக்காந்து டைப் அடிக்கிறேன்னா அது அந்த சங்குச் சத்தம் போட்ட சோறு.

ஆனா "வெறும் பொட்டல்"னு அப்பா சொன்னாரே, அது உண்மையா?

அந்த அஞ்சு எழுத்து விஷயத்தை முதல்ல முடிச்சுடுவோம். எச்.வி.எஃப். வந்தது 1961. நேரு ஆவடி மாநாட்டுக்கு வந்தது 1955. ஃபாக்டரி வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே தீர்மானத்துக்கு ஊர் பேர் வெச்சாச்சு. 'இல்ல சார், அது உலகப்போர் காலத்து டிப்போ'ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அதுக்கும் பதில் இருக்கு. பழைய மெட்ராஸ் ரயில்வே அட்டவணைகள்லயே ஆவடி ஸ்டேஷன் இருக்கு. டாங்கின்னு ஒண்ணு உலகத்துலயே முதல் தடவையா போர்க்களத்துக்கு வந்தது 1916-ல. டாங்கியே இல்லாத காலத்துல டாங்கிக் கிடங்குன்னு யார்யா பேர் வெப்பான்?

'ஆ'ன்னா பசு. மேய்ச்சல் நிலம், மாடு சம்பந்தமா வந்த பேரா இருக்கும்னு பல பேர் சொல்றாங்க. நான் மொழியியல் படிச்சவன் இல்லை, அடிச்சுப் பேசலை. எது எப்படியோ, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வந்த பேர் இல்லை, தமிழ்ப் பேர்.

அப்படின்னா இந்தக் கதை ஏன் இவ்வளவு சுலபமா ஒட்டிக்கிச்சு? நமக்கு வசதியா இருக்கு, அதனாலதான். இந்த ஊர் அரசாங்கம் பண்ணின ஊர், நாங்க வந்தப்புறம்தான் ஊரே ஆச்சுன்னு வந்தவங்க எல்லாரும் நிம்மதியா நம்பலாம். பக்கத்து ஊர்களைப் பாருங்க. அம்பத்தூர்னா 1964-ல வந்த எஸ்டேட், டி.ஐ. சைக்கிள், டன்லப். டன்லப் கம்பெனி மூடியாச்சு, பஸ்ல 'டன்லப் ஒண்ணு குடுங்க'ன்னு கேக்கறது நிக்கலை. அம்பத்தூர் ஓ.டி.ன்னா என்னன்னு கேளுங்க, ஆளுக்கொரு விரிவாக்கம் சொல்வாங்க. பூவிருந்தவல்லின்னு பூ மாதிரி இருந்த பேரை வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து 'பூனமல்லி' ஆக்கிடுச்சு. ராமானுஜருக்கு வழிகாட்டின திருக்கச்சி நம்பி பொறந்த ஊர்யா அது! நமக்கு ஞாபகம் இருக்குறது கன்டோன்மென்ட்டும் ஸ்பெஷல் கோர்ட்டும்தான்.

பொட்டல்னு சொல்ற இந்த வட்டாரத்துல ஒரு லோக்கல் டிக்கெட் எடுத்துக்கிட்டு சும்மா ஒரு ரவுண்டு வாங்க. ஆவடியிலேர்ந்து மேற்கால போனா திருநின்றவூர். காசில்லாம மனசுக்குள்ளேயே கோயில் கட்டி முடிச்ச பூசலார் நாயனார் ஊர். ராஜா காஞ்சிபுரத்துல கல்லுல கட்டின கோயிலுக்குக் குறிச்ச அதே நாள்ல, இவர் மனக்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சாமி எந்தக் கோயிலுக்குப் போனார்னு உங்களுக்கே தெரியும். தெற்கால திருவேற்காடு, அதையும் தாண்டினா திருமழிசை, ஆழ்வார் ஊர். கிழக்கால பாடி, சம்பந்தர் பாடின திருவலிதாயம். ஆயிரம் வருஷத்துக்கு மேல பாட்டுல இருக்குற ஊருங்க நாலு பக்கமும். நடுவுல மட்டும் பொட்டலா?

ஆவடிக்கு ரெண்டே ஸ்டேஷன் இந்தப் பக்கம் திருமுல்லைவாயில் இருக்கே, அது இன்னும் விசேஷம். அந்தக் கோயில் கதையே ஒரு கௌபாய் கதைதான், சத்தியமா! தொண்டைமான் இந்தப் பக்கத்துல இருந்த குறும்பர்களை அடக்கப் படையோட வரான். குறும்பர்னா ஆடு மேய்ச்சவங்க, புழல்ல கோட்டை கட்டி இருந்தவங்க. வழியில யானை காலை முல்லைக்கொடி சுத்திக்குது. வாளை எடுத்து வெட்டறான். கொடிக்கு அடியில இருந்த லிங்கத்து மேல வாள் படுது, ரத்தம் வருது. அப்புறம் சிவனே நந்தியைத் துணைக்கு அனுப்ப, குறும்பர்களை ஜெயிக்கிறான். அதனாலதான் அங்க நந்தி சாமியைப் பார்க்காம, வெளிய கிளம்பற மாதிரி திரும்பி இருக்கும். குறும்பர் கோட்டையிலேர்ந்து கொண்டு வந்ததுன்னு சொல்ற வெள்ளெருக்குத் தூண் ரெண்டு இன்னிக்கும் சன்னதி முன்னாடி நிக்குது. சுந்தரர் பாடின தலம்.

சின்ன வயசுல அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தத் தூணைத் தொட்டுக் கும்பிட்டிருக்கேன். நாப்பது வயசுக்கு மேலதான் ஒரு கேள்வி வந்துச்சு. அது தோத்தவன் வீட்டுத் தூண் இல்லையா? குறும்பருக்கு அந்தக் கதையில பேச ஒரு வரி கூடக் கிடையாது. கர்னல் மெக்கன்சி இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஊர் ஊரா ஆள் அனுப்பித் திரட்டின சுவடிகள்ல குறும்பர் கதை நிறைய இருக்கு. அதையெல்லாம் யார் படிக்கிறா? ராஜா வந்தப்போ குறும்பர் 'தொல்லை' ஆனாங்க. பட்டாளம் வந்தப்போ ஊர்க்காரங்க 'காலி இடம்' ஆனாங்க. எல்லாக் காலத்துலயும் வந்தவன் எழுதறதுதான் வரலாறு. வந்தவன் வரிசையில நானும்தான் இருக்கேன்.

ஊர் பேருங்க சாட்சி சொல்லும். பருத்திப்பட்டு, சேக்காடு, தண்டுரை, மிட்டனமல்லி, கோயில்பதாகை, விளிஞ்சியம்பாக்கம், அயப்பாக்கம், வெள்ளானூர். இதெல்லாம் எந்த டிப்போவோட சுருக்கம்? அது ஒவ்வொண்ணும் ஒரு கிராமம். அனேகமா எல்லாத்துக்கும் ஒரு ஏரி, ஒரு அம்மன் கோயில், ஒரு களம். ஆவடி அப்போ செங்கல்பட்டு மாவட்டம். ஏரி மாவட்டம்னு சொல்வாங்களே, அது. 1997-லதான் திருவள்ளூர் மாவட்டம் ஆச்சு. வருஷத்துக்குக் கொஞ்ச நாள் மட்டும் கொட்டற மழையைப் பிடிச்சு வெச்சு, ஒரு ஏரி நிரம்பினா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குத் தண்ணி போற மாதிரி சங்கிலியாக் கட்டி வெச்சிருந்தாங்க. பொட்டல்ல எவனும் மதகு கட்ட மாட்டான்.

எங்களுக்கு ரொம்ப வருஷமா பால் ஊத்தின ஒரு பெரியவர் இருந்தார். பக்கத்துக் கிராமம். சைக்கிள்ல கேன் கட்டிக்கிட்டு வருவார். ஒரு நாள் அப்பா வழக்கம் போல "நாங்க வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல பெரியவரே"ன்னு ஆரம்பிச்சார். அவர் பாலை அளந்து ஊத்திட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லியா சார்? அப்போ நாங்கல்லாம் இன்னா, பேயா?"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அப்பாவும் சிரிச்சார். நான் பத்தாவது படிச்சுக்கிட்டு இருந்தேன், நானும் சிரிச்சேன். அவங்க மாடு மேய்ச்ச நிலம் முழுக்க காம்பவுண்டு சுவத்துக்கு உள்ள போயிடுச்சுன்னு அப்புறம் ஒரு நாள் சொன்னார். கோவமாச் சொல்லலை. "எங்க அப்பாரு காலத்துல"ன்னு ஆரம்பிச்சு, எந்த ஏரித் தண்ணி எந்தப் பக்கம் போகும், எந்த இடத்துல மழைக்கு இடுப்பளவு நிக்கும்னு கையை நீட்டி நீட்டிக் காட்டினார். நான் காது குடுத்துக் கேட்டிருக்கணும். அப்போ எனக்குக் கிரிக்கெட் மேட்ச்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். எல்லாரும் பண்ணினதைத்தான் அவரும் பண்ணார். பி.எஃப். பணத்துல ஒரு மனை. விலை கம்மி. மஞ்சக் கல்லு நட்டு, 'நகர்'னு முடியற ஒரு பேர் எழுதின போர்டு. புரோக்கர் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் காதுல இருக்கு: "காலி இடம் சார், எந்தப் பிரச்சினையும் இல்ல."

2015 டிசம்பர்ல வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ அதுக்கும் மேல. பட்டாபிராம், கொரட்டூர், அம்பத்தூர்னு இந்தப் பக்கம் முழுக்க மிதந்துச்சு. அப்பா இப்போ இல்லை. அவரோட சர்வீஸ் சர்ட்டிஃபிகேட், ரிட்டயர்மென்ட் அன்னிக்கு எடுத்த குரூப் போட்டோ, எல்லாம் பீரோவோட கீழ்த்தட்டுல இருந்துச்சு. போட்டோவைத் தண்ணியிலேர்ந்து எடுத்தப்போ முகங்கள் எல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு. முதல் வரிசையில மூணாவதா உக்காந்திருந்தவர் எங்கப்பான்னு எனக்குத் தெரியும். என் பொண்ணுக்குத் தெரியாது.

மொட்டை மாடியில நின்னு தண்ணி வர்ற திசையைப் பார்த்தேன். பெரியவர் கையை நீட்டிக் காட்டின அதே பக்கம்.

என்னோட வாதம் இவ்வளவுதான். 'இங்க முன்னாடி ஒண்ணுமே இல்லை'ங்கறது வெறும் வரலாற்றுப் பிழை இல்லை. அதை நம்பித்தான் நாம பட்டா போடறோம், ரோடு போடறோம், வீடு கட்டறோம். அங்க ஒரு கிராமம் இருந்துச்சுன்னா அதுக்கு ஒரு ஏரி இருக்கும். ஏரின்னா வரத்துக் கால்வாய் இருக்கும், கலங்கல் இருக்கும், தண்ணி போற வழி இருக்கும். கிராமமே இல்லைன்னு சொல்லிட்டா இது எதுவும் இருக்க வேண்டாம் பாருங்க, எல்லாம் மனைதான். மனுஷன் கதையை மறந்தா அவன் திருப்பிக் கேக்க மாட்டான், பால் ஊத்திட்டுச் சிரிச்சுக்கிட்டே போயிடுவான். தண்ணி அப்படிப் போகாது.

'அதுக்காக ஃபாக்டரியே வந்திருக்கக் கூடாதுங்கறியா?'ன்னு ஒரு கேள்வி வரும். சொல்லலைங்க. அந்தச் சோறு தின்னு வளர்ந்தவன் நான். எங்கப்பா செஞ்ச டாங்கியில எனக்கு இன்னிக்கும் பெருமைதான். 2011 கணக்குப்படியே ஆவடியில சுமார் மூணேகால் லட்சத்துக்கு மேல ஜனம். 2019-ல மாநகராட்சி ஆயாச்சு, 2022 ஜனவரியிலேர்ந்து தனி போலீஸ் கமிஷனர். இத்தனை பேருக்கும் இது சொந்த ஊர்தான். வந்தவங்க வரலாறு பொய்னு சொல்ல வரலை. அது ரெண்டாவது அத்தியாயம். முதல் அத்தியாயத்தைக் கிழிச்சுட்டுப் புத்தகத்தைக் கையில குடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். மாநகராட்சி ஒவ்வொரு ஏரிக்கரையிலும் ஒரு போர்டு வைக்கட்டும்: இது எந்த ஊர் ஏரி, தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போகும். பருத்திப்பட்டு ஏரியை 2019-ல பசுமைப் பூங்கா ஆக்கினாங்க, நல்ல காரியம், நானும் வாக்கிங் போறேன். அங்க செல்ஃபி எடுக்க இடம் இருக்கு. அந்த ஏரி எந்த வயலுக்குப் பாய்ஞ்சுதுன்னு சொல்லவும் ஒரு இடம் இருக்கட்டும். ரயில்வே ஸ்டேஷன்ல '1856' னு ஒரு கல்வெட்டு. ஸ்கூல் பசங்களை ஊர் வரலாறு எழுதச் சொன்னா, நெட்டுக்குப் போகறதுக்கு முன்னாடி தெருவுல இருக்குற வயசானவங்க யாராவது ஒருத்தர்கிட்ட போய்க் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க. எங்க பால்காரப் பெரியவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு.

ப்ராஜெக்ட் என்ன ஆச்சுன்னு சொல்லலையே. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சண்டை. கடைசியில ஒரு சமாதான உடன்படிக்கை. முதல் வரியை அழிக்க மாட்டேன்னுட்டா, மார்க் போயிடுமாம். ஆனா அதுக்குக் கீழயே சிவப்பு ஸ்கெட்ச்ல இன்னொரு வரி எழுதினா: "இப்படிச் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்பே இங்கு ஊர் இருந்தது. ஏரிகள் இருந்தன. மாடுகள் இருந்தன."

பத்துக்கு எட்டு. மிஸ் அந்தச் சிவப்பு வரி பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாங்க. அந்தக் கேள்விக்குறியே எனக்குப் போதும்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு சுருக்கம், 'அப்போ இங்க ஒண்ணுமே இல்ல'ன்னு ஒரு மாமா, கட்டாயம் இருப்பாங்க. பின்னூட்டத்துல சொல்லுங்க. முடிஞ்சா அந்த மாமாவுக்குப் பால் ஊத்தினவரையும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

டிஸ்கி: எழுதி முடிச்சுட்டுப் பார்த்தா, 'எங்கப்பா வந்தப்போ'ன்னு நானே ஏழெட்டு இடத்துல எழுதியிருக்கேன் போல. பழக்கதோஷம்!